மதுரையிலிருந்து தொண்டிக்கு

மாணவர்களே, மதுரையிலிருந்து சிவகங்கை, காளையார்கோவில், திருவாடானை வழியாகத் தொண்டி செல்லும் சாலை முன்பு மாநில நெடுஞ்சாலை. இன்று கொச்சியிலிருந்து வரும் தேசிய நெடுஞ்சாலை 85-இன் கடைசிப் பகுதி. 1801-இல் மருது சகோதரர்களுடன் போரிட்ட கம்பெனிப் படை, சிறுவயலிலிருந்து காளையார்கோவிலுக்குக் காட்டை வெட்டி வழி போட முயன்றது. அதுவும் இப்பகுதிச் சாலை வரலாறுதான்.

மதுரையின் உயரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 100 மீட்டர். தொண்டி கடற்கரை ஊர். தூரம் ஏறத்தாழ 100 கிலோமீட்டர். ஆகவே சராசரிச் சரிவு கிலோமீட்டருக்கு 1 மீட்டரே! சைக்கிளில் போனால் இது தெரியாது (எதிர்க்காற்றுதான் தெரியும்). தண்ணீருக்குத் தெரியும். இத்தகைய சீரான சரிவில் 3 மீட்டர் கரை எழுப்பினால், நீர் 3 கிலோமீட்டர் பின்னோக்கிப் பரவும். கண்மாய்கள் ஆழமின்றி அகன்று கிடப்பது இதனால்தான்.

வாய்க்காலைக் குறுக்கிடும் சாலைமேடும் ஒரு கரையே. அதிலுள்ள சிறு பாலம் மண்ணால் அடைபட்டால், மேல்புற வயல் மூழ்கும். கீழ்ப்புறக் கண்மாய் காயும்.