மொழிவிட்டு மொழி செல்லும் அழைப்பின் விலை

ஆண்ட்ராய்டு கைபேசியில் இயங்கும் மென்பொருளின் பெரும்பகுதி ஜாவாவிலோ கோட்லினிலோ எழுதப்பட்டிருந்தாலும், படத்தைச் சுருக்குதல், ஒலியைப் பகுத்தல் போன்ற கடுமையான கணக்கீடுகளைச் சி மொழியில் எழுதிய நூலகங்களே பெரும்பாலும் செய்து தருகின்றன. இவ்வாறு ஒரு நிரல்மொழியிலிருந்து மற்றொன்றின் செயற்கூறை, அதாவது குறிப்பிட்ட வேலைக்கெனப் பெயரிட்டு எழுதிய நிரல்பகுதியை, இயக்குவதற்கு ஜாவாவில் 1997 முதல் உள்ள வழி ஜேஎன்ஐ எனப்படுகிறது.

ஒரு சி செயற்கூறு இன்னொரு சி செயற்கூறை அழைக்க ஆகும் நேரம் மிகச் சொற்பமானது. அனுப்ப வேண்டிய மதிப்புகளை நுண்செயலிக்குள்ளேயே இருக்கும் பதிவகங்கள் என்னும் சிற்றிடங்களில் வைத்துவிட்டு, அச்செயற்கூறு தொடங்கும் முகவரிக்குத் தாவினால் போதும். ஜாவாவிலிருந்து புறப்படும் அழைப்புக்கு அந்த எளிமை வாய்ப்பதில்லை. ஜாவாவில் பயன் முடிந்த நினைவகத்தைத் துப்புரவி என்னும் உள்நிரல் தானாகவே மீட்டெடுக்கிறது. அவ்வேளையில் அது பயனில் உள்ள தரவுகளை இடம் மாற்றியும் வைக்கக்கூடும் என்பதால், பழைய முகவரியை நம்பியிருக்கும் சி நிரல் தவறான இடத்தைப் படித்துவிடும். இதைத் தடுக்கவே, எல்லையைத் தாண்டும் ஒவ்வொரு முறையும் ஜாவா இயக்கச்சூழல் தான் வெளியேறுவதைக் குறித்துவைத்து, நேரடி முகவரிக்குப் பதிலாக மாற்றுக் குறியீட்டைக் கொடுத்து, திரும்பி வரும்போது துப்புரவு நடக்கிறதா என்றும் சரிபார்க்கிறது. விலையின் பெரும்பங்கு இந்தக் காவலுக்கே போகிறது.

பிக்சல் கைபேசி ஒன்றில் வழக்கமான ஜேஎன்ஐ அழைப்புக்கு 115 நானோநொடி ஆவதாக ஆண்ட்ராய்டு ஆவணம் கூறுகிறது. நானோநொடி என்பது நொடியில் நூறு கோடியில் ஒரு பங்கு. ஆண்ட்ராய்டு 8இல் வந்த ஃபாஸ்ட்நேட்டிவ் என்னும் குறிப்பு இதை 35 ஆகவும், எண்கள் போன்ற எளிய மதிப்புகளை மட்டுமே அனுப்ப இடந்தரும் கிரிட்டிகல்நேட்டிவ் 25 ஆகவும் குறைத்தன. இந்த வேகம் காவலைத் தளர்த்திப் பெற்றது என்பதை நிரலர் மறக்கலாகாது. அத்தகைய செயற்கூறு முடியும்வரை துப்புரவியால் அதை நிறுத்திவைக்க இயலாதாகையால், கோப்பு படிப்பது போன்ற நீண்ட வேலையை அதற்குள் வைத்தால் மென்பொருள் முழுவதுமே தடுமாறும்.

அழைப்புக்கான இணைப்பு நிரலை யார், எப்போது உருவாக்குவது என்பதும் முக்கியமானது. பைத்தான் மொழியிலிருந்து சி செயற்கூறுகளை அழைக்க உதவும் சிடைப்ஸ் பயன்படுத்தும் லிப்எஃப்எஃப்ஐ நூலகம் மதிப்புகளின் வகைகளை ஒவ்வோர் அழைப்பிலும் புதிதாகப் பார்த்து அடுக்குவதால் மெதுவாகிறது. லுவா மொழி நிரல்களை இயக்க மைக் பால் உருவாக்கிய லுவாஜிட்டோ சி மொழி அறிவிப்பை ஒருமுறை படித்துக்கொண்டு, அடிக்கடி ஓடும் இடங்களில் அழைப்பையே இயந்திர மொழியாக்கிவிடுகிறது. 2024 மார்ச்சில் வெளியான ஜாவா 22இல் முழுமைபெற்ற புதிய இடைமுகமும், தனியே சி நிரல் எழுதும் சுமையின்றி, ஏறக்குறைய அதே பயனைத் தருகிறது.

ஆயினும் அழைப்பை விரைவுபடுத்துவதைவிட அதன் எண்ணிக்கையைக் குறைப்பதே சிறந்த வழி. பத்து லட்சம் எண்களை ஒவ்வொன்றாக அனுப்பினால், 25 நானோநொடி வீதம் எல்லை தாண்டுவதற்கே 25 மில்லிநொடி செலவாகும். பைத்தானின் நம்பை நூலகம் செய்வதுபோல் முழு அணியையும் ஒரே அழைப்பில் ஒப்படைத்தால், அச்செலவு ஒரே ஒருமுறைதான்.