பின்னால் வரும் இரண்டு டன்னை நிறுத்துவது யார்?

ஹெலன்ஸ்பர்க் பெருமாள் கோயிலில் கும்பிட்டுவிட்டு, குடும்பத்தோடு தெற்கே கயாமா கடற்கரைக்குப் போய்க்கொண்டிருந்தோம். காருக்குப் பின்னால் புதிதாக வாங்கிய கேரவன். வொலங்கொங் நகரை நோக்கி இறங்கும் மவுண்ட் ஊஸ்லி சரிவில் பிரேக்கை மிதித்தேன். வண்டி நிற்க மறுத்தது. யாரோ பின்னாலிருந்து இரண்டு கையாலும் தள்ளுவதுபோல் இருந்தது. இன்னும் அழுத்தி மிதித்தேன். சரிவு முடிந்து ஓரமாக நிறுத்தியபோது காரின் முன்சக்கரங்களிலிருந்து கருகிய வாடை வந்தது. கேரவனின் சக்கரத்தைத் தொட்டுப் பார்த்தேன். சில்லென்று இருந்தது.

அந்தச் சில்லிப்புதான் எனக்குப் பாடம். கேரவனின் பிரேக் ஒரு தடவைகூட வேலை செய்யவில்லை. இத்தனைக்கும் இரண்டு நாள் முன்புதான் காசு கொடுத்து பிரேக் கன்ட்ரோலர் பொருத்தியிருந்தோம். பொருத்தியவர் விளக்கு எரிகிறதா என்று பார்த்தார், பில் கொடுத்தார், அனுப்பிவிட்டார். கன்ட்ரோலரின் குமிழ் ஏறக்குறைய பூஜ்யத்தில் இருந்தது. அதைத் திருப்பி அளவு வைக்க வேண்டும் என்று அவரும் சொல்லவில்லை, எனக்கும் கேட்கத் தெரியவில்லை.

ஆஸ்திரேலியாவில் கேரவன் வாங்கும் தமிழ்க் குடும்பங்கள் இன்று பல. பள்ளி விடுமுறை வந்தால் கிளம்பிவிடுகிறோம். கட்டிலையும் அடுப்பையும் குளிர்சாதனப் பெட்டியையும் பார்த்துப் பார்த்து வாங்குகிற நாம், அத்தனையையும் நிறுத்தப்போகும் கருவியைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்பதில்லை. கன்ட்ரோலர் பொருத்துவது பாதி வேலைதான். உங்கள் கேரவனை மாட்டி, சாலையில் ஓட்டி, அளவு வைத்த பிறகுதான் அது பிரேக். அந்த மீதிப் பாதியைக் கேட்டு வாங்குவது உங்கள் உரிமை.

இந்தக் கருவி என்ன செய்கிறது?

கேரவனின் சக்கரத்து டிரம்முக்குள் ஒரு மின்காந்தம் இருக்கிறது. மின்சாரம் வந்ததும் அது சுழலும் டிரம்மின் உட்பக்கத்தோடு ஒட்டிக்கொண்டு இழுபடும். இழுபடும்போது ஒரு நெம்புகோலை நகர்த்தும். நெம்புகோல் பிரேக் ஷூவை டிரம்மோடு அழுத்தும். மின்சாரம் கூடினால் பிடிப்பு கூடும். அந்த மின்சாரத்தை எப்போது, எவ்வளவு அனுப்புவது என்று முடிவு செய்வதுதான் காருக்குள் இருக்கும் பிரேக் கன்ட்ரோலர்.

இதில் இரண்டு வகை உண்டு. ஒன்று, பிரேக்கை மிதித்ததும் நாம் வைத்த அளவு மின்சாரத்தை அப்படியே அனுப்பும். மெதுவாக மிதித்தாலும் அதே அளவு, அவசரமாக மிதித்தாலும் அதே அளவு. மற்றொன்று, கார் எவ்வளவு வேகமாக மட்டுப்படுகிறது என்பதை உணர்ந்து அதற்கு ஏற்றபடி அனுப்பும். குடும்பத்தோடு நெடுந்தூரம் போகிறவர்களுக்கு இரண்டாவது வகையே நல்லது. எந்த வகையானாலும் குமிழை எந்த எண்ணில் வைப்பது என்பதை ஓட்டுநர்தான் முடிவு செய்ய வேண்டும். இந்த அளவைக் கடைகளில் கெயின் என்பார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

எடையை வைத்துத்தான் விதி. ஜிடிஎம் என்று கேரவனின் தகட்டில் ஓர் எண் இருக்கும். கேரவனைக் காரில் மாட்டி, சாமான் ஏற்றியிருக்கும்போது அதன் சொந்தச் சக்கரங்கள் தாங்கலாம் என்று அனுமதிக்கப்பட்ட எடை அது.

ஜிடிஎம் 750 கிலோ வரை இருந்தால் தனி பிரேக் கட்டாயமில்லை. 750 கிலோவுக்கு மேல் 2,000 கிலோ வரை, குறைந்தது ஓர் அச்சின் சக்கரங்களிலாவது பிரேக் வேண்டும். 2,000 கிலோவைத் தாண்டினால் எல்லாச் சக்கரங்களிலும் பிரேக் வேண்டும். அதோடு, கேரவன் காரிலிருந்து கழன்றுகொண்டால் பிரேக் தானாகவே உடனே பிடிக்க வேண்டும். குறைந்தது 15 நிமிடம் விடாமல் பிடித்திருக்க வேண்டும். இதற்காகத்தான் கேரவனில் தனியாக ஒரு சிறு பேட்டரியும், இழுத்தால் உருவிக்கொள்ளும் ஊசி கோத்த ஒரு கம்பிவடமும் இருக்கின்றன.

தகட்டில் இருப்பது அனுமதித்த எடை. நீங்கள் ஏற்றியிருக்கும் எடை வேறாக இருக்கலாம். தண்ணீர்த் தொட்டியை நிரப்பினால் லிட்டருக்கு ஒரு கிலோ. அரிசி மூட்டை, கிரைண்டர், சைக்கிள்கள் என்று ஏற்றிக்கொண்டே போனால் நூறு, இருநூறு கிலோ கூடுவது தெரியாது. பயணத்துக்கு முன் ஒருமுறை எடைமேடையில் நிறுத்தி, சீட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

பொருத்தும்போது எங்கே தவறுகிறது?

முதலில் ஒயர். கேரவன் பிரேக் காந்தம் ஒன்று ஏறக்குறைய 3 ஆம்பியர் இழுக்கும். இரட்டை அச்சுக் கேரவனில் நான்கு சக்கரம், ஆக 12 ஆம்பியர். வழியில் மெல்லிய ஒயரோ, துருப்பிடித்த இணைப்போ இருந்து 0.1 ஓம் தடை கூடினாலே 1.2 வோல்ட் வழியிலேயே தொலைந்துபோகும். 12 வோல்ட்டில் பத்தில் ஒரு பங்கு. விளக்கு எரியும், கன்ட்ரோலரின் திரையும் ஒளிரும், ஆனால் பிரேக் பிடிப்பு குறைந்திருக்கும். தயாரிப்பாளர் சொன்ன தடிமனில் ஒயர் போட்டிருக்கிறார்களா, பேட்டரிக்கு அருகில் சரியான சர்க்யூட் பிரேக்கர் வைத்திருக்கிறார்களா என்று கேளுங்கள்.

இரண்டாவது, பிரேக் விளக்கு ஒயர். புதிய கார்களில் அது கணினியோடு பின்னிக் கிடக்கிறது. எங்கோ ஓர் ஒயரைச் சீவி முறுக்கி ஒட்டினால் காரின் மின்னணுவே கெடலாம். உங்கள் கார் மாடலுக்கென்று விற்கும் ஒயர் தொகுப்பைப் பயன்படுத்தச் சொல்லுங்கள். அதற்குக் கொஞ்சம் கூடுதல் செலவாகும், கொடுங்கள்.

மூன்றாவது, பிளக். ஆஸ்திரேலியாவில் வழக்கமான ஏழு முனை பிளக்கில் ஐந்தாம் முனைக்கு வரும் நீல ஒயர்தான் கேரவன் பிரேக். மூன்றாம் முனையின் வெள்ளை ஒயர் எர்த். இந்த இரண்டில் எது தளர்ந்தாலும் பிரேக் கெடும். செம்மண் தடத்திலும் கடற்கரையிலும் போய் வந்த பிளக்கைத் திறந்து பாருங்கள். பச்சையாகப் பூத்திருந்தால் பயணத்துக்கு முன்பே சரிசெய்ய வேண்டும்.

நான்காவது, பொருத்தும் இடம். சில கருவிகளைப் பயணத் திசையில், மட்டமாக வைத்தால்தான் அவை வேகக் குறைவைச் சரியாக உணரும். குமிழ் ஓட்டுநரின் கைக்கு எட்ட வேண்டும். முழங்கால் இடிக்கும் இடத்திலோ காற்றுப் பை விரியும் பாதையிலோ வைக்கக் கூடாது.

அளவு வைப்பது எப்படி?

இதைப் பணிமனைக்காரர் உங்களை உட்காரவைத்துச் செய்து காட்ட வேண்டும். அவர் செய்யாவிட்டால் நீங்களே செய்யலாம். அரைமணி நேரம் போதும்.

1. வழக்கமாக ஏற்றும் சாமானோடு கேரவனை மாட்டுங்கள். டயர் காற்றைச் சரிபாருங்கள்.

2. மட்டமான, காய்ந்த, ஆள் நடமாட்டமில்லாத தார்ச்சாலைக்குப் போங்கள். நாலைந்து முறை பிரேக் பிடித்து கேரவனின் பிரேக்கைச் சற்றுச் சூடாக்குங்கள்.

3. மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது காலால் பிரேக்கைத் தொடாமல், கன்ட்ரோலரின் கைப்பிடியை மட்டும் இயக்குங்கள். சில கருவிகளில் குமிழையே அழுத்த வேண்டியிருக்கும். கேரவன் காரைப் பின்னால் பிடித்து இழுப்பது உங்களுக்குத் தெரிய வேண்டும்.

4. இழுப்பு தெரியவில்லை என்றால் அளவைக் கூட்டி மறுபடி பாருங்கள். பாதுகாப்பான தூரத்தில் ஒருவரை நிற்கவைத்து கேரவன் சக்கரத்தைக் கவனிக்கச் சொல்லுங்கள். சக்கரம் சுழலாமல் தேய்த்துக்கொண்டு வந்தால் அளவு அதிகம். பூட்டிக்கொள்ளும் அளவுக்குச் சற்றுக் கீழே கொண்டுவந்து நிறுத்துங்கள்.

5. இப்போது காலால் வழக்கம்போல் பிரேக் பிடியுங்கள். கேரவன் தள்ளவும் கூடாது, வெடுக்கென்று இழுக்கவும் கூடாது.

குமிழை எவ்வளவு ஏற்றினாலும் பிடிப்பு வரவில்லை என்றால் கோளாறு ஒயரிலோ டிரம்முக்குள்ளோ இருக்கிறது. அந்த நிலையில் பயணம் கிளம்பாதீர்கள். புதுக் கேரவனின் பிரேக் ஷூ சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் படிந்துவிடும், அப்போது அதை ஒருமுறை சரிசெய்ய வேண்டும். சாமான் கூடினால், குறைந்தால், மழை பெய்தால், சரளைச் சாலைக்குத் திரும்பினால் அளவை மாற்ற வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர் சொன்ன எண் உங்கள் வண்டிக்குப் பொருந்தாது.

கழன்றால் பிடிக்கும் பிரேக்கையும் சோதியுங்கள். மின் பிளக்கைக் கழற்றிவிட்டு, ஊசியை உருவி, காரை மெல்ல முன்னே நகர்த்துங்கள். கேரவனின் சக்கரம் சுழலக் கூடாது. பார்த்தவுடன் ஊசியைத் திரும்பச் செருகுங்கள், இல்லாவிட்டால் பேட்டரி தீர்ந்துவிடும். பயணத்தில் அந்தக் கம்பிவடத்தைக் காரில் தனி இடத்தில் மாட்டுங்கள். பாதுகாப்புச் சங்கிலியில் மாட்ட வேண்டாம்.

கேரவன் ஆடினால்

பெரிய லாரி கடந்து போகும்போதோ பக்கக்காற்று அடிக்கும்போதோ கேரவன் பாம்புபோல் ஆடத் தொடங்கலாம். அந்த நொடியில் கால் தானாகவே பிரேக்குக்குப் போகும். அது ஆட்டத்தைக் கூட்டிவிடும். ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்து, ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு, கன்ட்ரோலரின் கைப்பிடியால் கேரவனின் பிரேக்கை மட்டும் மெல்லப் பிடியுங்கள். பின்னால் இழுப்பு விழுந்ததும் கேரவன் நேராகும். குமிழ் கைக்கு எட்டும் இடத்தில் இருக்க வேண்டும் என்று சொல்வது இதற்காகத்தான். உங்களோடு மாறி ஓட்டுபவருக்கும் இதைச் சொல்லிக்கொடுங்கள்.

உங்கள் உரிமைகள்

2011 ஜனவரி 1 முதல் நடப்பில் உள்ள ஆஸ்திரேலிய நுகர்வோர் சட்டம் இந்த விஷயத்தில் உங்கள் பக்கம் நிற்கிறது. 100,000 டாலர் வரையுள்ள பொருள்களுக்கும், விலை அதைத் தாண்டினாலும் சொந்த உபயோகத்துக்கென்றே வழக்கமாக வாங்கப்படும் பொருள்களுக்கும் சட்டமே உத்தரவாதம் தருகிறது. பொருள் பாதுகாப்பானதாக, சொன்ன வேலையைச் செய்வதாக இருக்க வேண்டும். வேலை செய்துகொடுப்பவர் உரிய கவனத்தோடும் திறமையோடும் செய்ய வேண்டும். கன்ட்ரோலரைப் பொருத்தி, அது கேரவனை நிறுத்துகிறதா என்று பார்க்காமல் அனுப்பியவரிடம், “உரிய கவனத்தோடு செய்தீர்களா?” என்று நீங்கள் கேட்கலாம்.

சிறு குறை என்றால் அவர்கள் நியாயமான காலத்துக்குள் இலவசமாகச் சரிசெய்ய வேண்டும். மறுத்தாலோ இழுத்தடித்தாலோ வேறொருவரிடம் சரிசெய்து, அதற்கான நியாயமான செலவை அவர்களிடம் கேட்கலாம். பொருளே பாதுகாப்பற்றது என்ற அளவுக்குப் பெரிய குறை என்றால், பணத்தைத் திரும்பப் பெறுவதா, மாற்றுப் பொருள் வாங்குவதா என்பது உங்கள் தேர்வு. “வாரண்டி முடிந்துவிட்டது” என்ற பதிலால் சட்டம் தரும் உத்தரவாதம் முடிந்துவிடாது. “விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது” என்ற பலகைக்கும் சட்டத்தில் இடமில்லை.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தனிநபரிடமிருந்து பழைய கேரவன் வாங்கினால் தரத்துக்கான இந்த உத்தரவாதம் கிடையாது. அப்படி வாங்குகிறவர்கள் பணம் கொடுக்கும் முன் பிரேக்கை ஒரு மெக்கானிக்கைக் கொண்டு சோதித்துவிட வேண்டும்.

கேரவன் வாங்கியவர்களின் அவதி புதிதல்ல. நுகர்வோர் ஆணையமான ஏசிசிசி, 2022-இல் புதிய கேரவன் விற்பனை பற்றி ஓர் அறிக்கையே வெளியிட்டது. அதன் ஆய்வில் பதில் அளித்தவர்களில் பெரும்பாலோர் தங்கள் கேரவனில் பழுது கண்டவர்கள்.

புகார் செய்வது எப்படி?

பொருத்தும் முன்பே தொடங்குங்கள். நியூ சவுத் வேல்ஸில் வாகனப் பழுதுபார்க்கும் கடைக்கு உரிமம் வேண்டும், எண்ணைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். “கேரவனோடு சாலையில் சோதித்து அளவு வைக்கப்பட்டது” என்று பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுத மறுக்கும் கடையில் வேலையைக் கொடுக்காதீர்கள்.

குறை தெரிந்தால் முதலில் கடைக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். என்ன வேலை, எந்தத் தேதி, என்ன குறை, என்ன தீர்வு வேண்டும், எத்தனை நாளுக்குள் வேண்டும் என்று எழுதுங்கள். பில், புகைப்படம், எடைச் சீட்டு, காரின் கேமரா பதிவு எல்லாவற்றையும் வைத்துக்கொள்ளுங்கள். பதில் வராவிட்டால் நியூ சவுத் வேல்ஸில் ஃபேர் டிரேடிங், விக்டோரியாவில் கன்ஸ்யூமர் அஃபேர்ஸ் என்று உங்கள் மாநில நுகர்வோர் அலுவலகத்தை அணுகுங்கள். அங்கும் தீராவிட்டால் மாநிலத் தீர்ப்பாயம் இருக்கிறது. விபத்துக்குப் பின் காப்பீட்டு நிறுவனம் பணம் தர மறுத்தால், அவர்களிடமே முதலில் புகார் செய்து, பிறகு ஆஃப்கா எனப்படும் நிதிப் புகார் ஆணையத்துக்குப் போகலாம். அதற்குக் கட்டணமில்லை.

ஆங்கிலம் தடையாக இருந்தால் அரசின் மொழிபெயர்ப்புச் சேவை 131 450 என்ற எண்ணில் இருக்கிறது. தமிழில் பேச வேண்டும் என்று சொல்லுங்கள். அம்மா பேரிலோ அப்பா பேரிலோ கேரவன் இருந்தால் அவர்களே தங்கள் குறையைத் தமிழில் சொல்லலாம்.

எங்கள் கேரவனுக்கு மறுநாள் வேறொருவர் ஒயரைப் பார்த்து, என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து அளவு வைத்துக்கொடுத்தார். அடுத்த முறை அதே சரிவில் இறங்கி நிறுத்தியபோது கேரவனின் சக்கரத்தருகே கையைக் கொண்டுபோனேன். தொடும் முன்பே சூடு தெரிந்தது. இந்த விடுமுறைக்குக் கிளம்பும் முன் நீங்களும் ஒரு மட்டமான சாலைக்குப் போய் உங்கள் கேரவன் நிற்கிறதா என்று பார்த்துவிடுங்கள். சரிவில் போய்த் தெரிந்துகொள்ள வேண்டாம்.