கோழிக்கு ஒரு கூடை முளைதானியம்

ஒரு கிலோ மக்காச்சோளத்தை ஊறவைத்துத் தட்டில் பரப்பினால் எட்டாம் நாள் ஆறு கிலோ பசுந்தீவனம் கிடைக்கும் என்கிறார்கள். சொல்வதில் பொய்யில்லை. தராசில் வைத்தால் அந்த எடை காட்டத்தான் செய்யும். தீவன மூட்டையின் விலையைக் கேட்டு மலைத்து நிற்கும் கோழி வளர்ப்பாளருக்கு இந்தக் கணக்கு பெரிய ஆறுதல். ஆனால் கூடிய ஐந்து கிலோ எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிடுவது நல்லது.

நன்றாகக் காய்ந்த மக்காச்சோளத்தில் ஈரம் நூற்றில் பன்னிரண்டு பங்குதான். அதாவது ஒரு கிலோவில் ஏறத்தாழ 880 கிராம் உலர்பொருள் இருக்கிறது. எட்டு நாள் வளர்ந்த முளைப்பயிரிலோ ஈரம் 85 சதவீதத்துக்கு மேல். அந்த ஆறு கிலோவைக் காயவைத்து நிறுத்தால் 780 கிராம் அளவில்தான் மிஞ்சும். விதை வளர்வதற்குத் தன்னிடமுள்ள மாவுச்சத்தையே எரித்துக்கொள்வதால் 100 கிராம் குறைந்துபோகிறது. கூடிய எடை முழுவதும் தண்ணீர். ஒரு முட்டைக்கோழி நாளொன்றுக்கு 100 முதல் 120 கிராம் உலர்தீவனம் தின்னும். அதே அளவு உலர்பொருளை முளைப்பயிரிலிருந்து எடுக்க வேண்டுமென்றால் அது தினம் முக்கால் கிலோ தின்றாக வேண்டும். கோழியின் இரைப்பையில் அவ்வளவுக்கு இடம் கிடையாது.

அப்படியானால் முளைகட்டுவது வீண் வேலையா? இல்லவே இல்லை. எடையைத் தேடிப் போனால்தான் ஏமாற்றம். சத்தின் தன்மை மாறுகிறது, அதில்தான் லாபம்.

தானியத்திலுள்ள பாஸ்பரஸில் பெரும்பகுதி பைட்டேட் என்ற வடிவில் பூட்டிக் கிடக்கிறது. இரும்பு, துத்தநாகம் போன்ற தாதுக்களையும் பைட்டேட் இறுகப் பிடித்து வைத்துக்கொள்ளும். அதை உடைக்கும் நொதி கோழியின் குடலில் மிகக் குறைவு என்பதால், தின்ற பாஸ்பரஸில் பெரும்பகுதி எச்சத்தோடு வெளியேறிவிடுகிறது. இதற்காகவே தீவன ஆலைகள் பைட்டேஸ் என்ற நொதியை விலைக்கு வாங்கித் தீவனத்தில் கலக்கின்றன. முளைவிடும் விதையில் இந்தப் பைட்டேஸ் தானாகவே வேலையைத் தொடங்கிவிடுகிறது. கூடவே அமிலேஸ் என்ற நொதி பெருகி மாவுச்சத்தைச் சர்க்கரையாக்குகிறது. மூன்றாம் நாள் கம்பு முளையை மென்று பார்த்தால் நாக்கில் ஓர் இனிப்பு தட்டுவது இதனால்தான்.

வைட்டமின்களும் கூடுகின்றன. முளைதானியத்தில் வைட்டமின் சி ஏறுவதைப் பலரும் பெரிதாகச் சொல்வார்கள். கோழி தனக்கு வேண்டிய வைட்டமின் சியைத் தன் உடலிலேயே செய்துகொள்ளும் என்பதால், அதற்கு அது பெரிய வரவு அல்ல. கோழிக்குப் பயன் தருவது பச்சையில் வரும் கரோட்டின் வகைகள். அவற்றில் சில வைட்டமின் ஏ ஆகின்றன. வேறு சில முட்டைக் கருவில் போய்ப் படிந்து அதை அடர்மஞ்சளாக்குகின்றன. வெளிறிய மஞ்சள்கரு வரும் வீடுகளில் பச்சைத்தீவனம் தரத் தொடங்கிய ஒன்றிரண்டு வாரங்களில் நிறம் மாறுவதைக் கண்ணால் பார்க்கலாம்.

குப்பைமேட்டைக் கிளறி, வரப்போரம் புல்லைக் கொத்தி, கரையானையும் வெட்டுக்கிளியையும் பிடித்துத் தின்று திரியும் கிராமத்துக் கோழிக்கு இதெல்லாம் அவ்வளவாகத் தேவைப்படாது. அது தன் பச்சையைத் தானே தேடிக்கொள்கிறது. மொட்டைமாடியில் வலைக்குள் வளரும் சிறுவிடைக் கோழிக்கும், கம்பிக்கூண்டை விட்டு வெளியே வராத பெருவிடைக் கோழிக்கும், நகரத்து வீட்டின் சிமென்ட் முற்றத்தில் நடமாடும் நான்கைந்து கோழிகளுக்கும்தான் முளைதானியம் பெரிய உதவி. பல வீடுகளில் இவற்றுக்குக் கிடைப்பது மிஞ்சிய சோறும் குருணையும்தான். தீட்டிய அரிசியை மட்டும் தின்றால் கோழிக்கு என்ன ஆகும் என்பதை உலகம் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே அறிந்துகொண்டது. இன்றைய ஜகார்த்தா அப்போது பட்டாவியா. அங்கே பெரிபெரி நோயை ஆராய்ந்துகொண்டிருந்த டச்சு மருத்துவர் கிறிஸ்டியான் எய்க்மான் வளர்த்த கோழிகள் திடீரென்று கால் தளர்ந்து விழுந்தன. சில மாதங்கள் அவற்றுக்கு ராணுவ மருத்துவமனைச் சமையலறையின் வெள்ளைச் சோறு போடப்பட்டிருந்தது. புதிதாக வந்த சமையல்காரர் அதைத் தர மறுத்ததால் தீட்டாத அரிசிக்கு மாற்றியதும் கோழிகள் தேறின. தவிட்டிலும் முளைக்கருவிலும் இருந்து தீட்டும்போது போய்விட்ட பொருள்தான் பின்னாளில் வைட்டமின் பி1 என்று அறியப்பட்டது. எய்க்மான் 1929இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். முளைக்க வல்ல தானியம் என்றாலே தவிடும் கருவும் நீங்காத முழுத்தானியம். கோழிக்கு அதுவே பாதி நன்மை.

கோழிக்காக முளைகட்டும் பழக்கமும் புதிதல்ல. சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் குளிர்ப்பகுதிகளில், பனி மூடிப் புல்லே கிடைக்காத மாதங்களில், ஓட்ஸ் தானியத்தைத் தட்டுகளில் முளைக்கவைத்துக் கோழிகளுக்குப் போட்டார்கள். அதற்கென்றே அடுக்குத் தட்டுகளும் அடியில் சூடு தர விளக்கும் வைத்த பெட்டிகள் விற்பனைக்கு வந்தன. தமிழ்நாட்டில் அந்த விளக்குக்கு வேலையில்லை. இங்கே சூடு வேண்டிய அளவுக்கு மேலேயே இருக்கிறது. நம் ஊர்ச் சிக்கல்கள் தொடங்குவதும் அங்கேதான்.

அவற்றைப் பார்க்குமுன், எந்தத் தானியம் என்பதில் கவனம் வேண்டும். கம்பு முதல் தேர்வு. சின்ன மணி, கோழி எளிதில் விழுங்கும், ஒரே நாளில் முளை எட்டிப் பார்க்கும். கேழ்வரகும் நல்லது. மக்காச்சோளம் முளைக்க இரண்டு மூன்று நாள் எடுத்துக்கொள்ளும், மணியும் பெரிது. கோதுமை நன்றாக முளைக்கும். பச்சைப்பயறு, கொள்ளு, தட்டைப்பயறு ஆகியவற்றைச் சிறிதளவு சேர்த்தால் புரதம் கூடும். ஒன்றை மட்டும் அறவே தவிர்க்க வேண்டும். அது சோளம். மக்காச்சோளம் வேறு, சோளம் வேறு. வெள்ளைச்சோளம், செஞ்சோளம் ஆகியவற்றின் இளமுளையில் துரின் என்ற பொருள் இருக்கிறது. அது சிதைந்தால் ஹைட்ரஜன் சயனைடு என்ற கொடிய நஞ்சு வெளிப்படும். இளஞ்சோளப் பயிரில் மாட்டை மேயவிடக் கூடாது என்று விவசாயிகள் எச்சரிப்பது இந்த நஞ்சினால்தான். விதைக்கடையில் விற்கும் நிறமேற்றிய விதைகளும் கூடாது. அந்தச் சிவப்பும் நீலமும் பூஞ்சணக்கொல்லி கலந்ததற்கான அடையாளம். மளிகைக் கடையிலோ உழவரிடமோ வாங்கிய, மருந்து படாத தானியமே வேண்டும்.

பத்துக் கோழிகளுக்கு நாளொன்றுக்கு 200 கிராம் கம்பு போதும். முதலில் ஒரு லிட்டர் தண்ணீரில் 100 கிராம் உப்பைக் கரைத்துக் கம்பை அதில் கொட்ட வேண்டும். பொக்கும் சொத்தையும் மிதக்கும். தேன் ஒழுகல் நோய் தாக்கிய கதிரிலிருந்து வந்த கருமையான பூஞ்சணக் கட்டிகளும் மிதக்கும். அவை நஞ்சு. விதைப்புக்கு முன் கம்பு விதையைத் தூய்மை செய்ய உழவர்கள் கையாளும் முறைதான் இது. மிதப்பதை அள்ளி எறிந்துவிட்டு, அடியில் தங்கியதை உப்பு போக இரண்டு மூன்று முறை நல்ல தண்ணீரில் அலச வேண்டும். பிறகு இரவு முழுக்க ஊறட்டும். காலையில் நீரை வடித்து, ஓட்டையுள்ள பிளாஸ்டிக் கூடையில் ஒரு விரற்கடை உயரத்துக்கு மேல் போகாமல் பரப்பி, ஈரமான பருத்தித் துணியால் மூட வேண்டும். காலையும் மாலையும் கூடையோடு அலசி, நீர் சொட்டச் சொட்ட வடியவிட வேண்டும். தேங்கிய நீர்தான் முளைதானியத்தின் முதல் எதிரி. தினம் ஒரு கூடை தொடங்கினால் நான்கு கூடைகளில் சுழற்சி ஓடிக்கொண்டிருக்கும்.

எத்தனை நாள் வளர்ப்பது? ஆட்டுக்கும் மாட்டுக்கும் எட்டு நாள் பயிர் ஏற்றது. அவற்றின் வயிற்றில் நார்ச்சத்தைச் செரிக்கும் நுண்ணுயிர்கள் இருக்கின்றன. கோழிக்கு அந்த வசதி குறைவு. நாள் ஏற ஏற மாவுச்சத்து குறைந்து நார் ஏறுகிறது. பின்னிக்கிடக்கும் வேர்ப்பாயை அப்படியே போட்டால் நீண்ட நார் இரைப்பையில் சிக்கி அடைத்துக்கொள்ளவும் கூடும். முளை விரல்நுனி நீளம் வந்த மூன்றாம் நாள் அல்லது நான்காம் நாள் கொடுப்பதுதான் சரி. மஞ்சள்கருவுக்கு நிறம் வேண்டுபவர்கள் கடைசி ஒன்றிரண்டு நாள் துணியை எடுத்துவிட்டு நிழல் வெளிச்சத்தில் வைத்து, ஐந்தாம் நாள் பச்சை ஏறிய பிறகு தரலாம். மாரியம்மன் திருவிழா முளைப்பாரி இருட்டறையில் வளர்வதால்தான் வெளிர்மஞ்சளாக நிற்கிறது. வெளிச்சம் படாத முளையில் பச்சையம் உண்டாகாது.

இனி, எல்லாவற்றையும்விட முக்கியமானது பூஞ்சணம். 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் காரணம் தெரியாமல் செத்து விழுந்தன. தேடிப் பார்த்தபோது பிரேசிலிலிருந்து வந்த கடலைப் பிண்ணாக்கில் வளர்ந்திருந்த ஆஸ்பெர்ஜில்லஸ் பூஞ்சணம் சுரந்த நஞ்சு பிடிபட்டது. அஃப்ளடாக்சின் என்று இன்று உலகம் அறிந்த நஞ்சு அதுதான். கழுவினாலும் கொதிக்கவைத்தாலும் அது போகாது. அக்கினி நட்சத்திர வெயிலில் ஊறிய தானியம் ஒரே நாளில் புளித்துவிடும். ஐப்பசி கார்த்திகை மழையில் கூடை காயாமல் பூசணம் பூக்கும். வேரைச் சுற்றிச் சீராகத் தெரியும் மெல்லிய வெண்தூவி பூசணமல்ல. அது வேர்த்தூவி, தண்ணீரில் அலசினால் படிந்து மறைந்துவிடும். சிலந்திவலைபோல மணிகளைப் பிணைத்துப் படர்வதும், சாம்பல், பச்சை, கறுப்பு நிறம் காட்டுவதும், மக்கல் வாடை அடிப்பதும் பூசணம். அந்த இடத்தை மட்டும் கிள்ளி எறிந்துவிட்டு மீதியைப் போடலாம் என்று எண்ணவே கூடாது. முழுக் கூடையும் எருக்குழிக்குத்தான். கூடையைச் சோப்புப் போட்டுத் தேய்த்து வெயிலில் காயவைத்த பிறகே அடுத்த ஈடு.

காலையில் வழக்கமான தீவனத்தைக் கொடுத்துவிட்டு, முளையை நண்பகலில் போடுவது நல்லது. முதலில் முளையைக் கண்டால் கோழி அதிலேயே வயிற்றை நிரப்பிக்கொண்டு தீவனத்தை ஒதுக்கிவிடும். ஒரு மணி நேரத்தில் தின்று தீர்க்கும் அளவே போதும், மிச்சத்தை அள்ளிவிட வேண்டும். மண்ணைக் காணாத கோழிகளுக்குச் சிறு கற்களும் பருமணலும் ஒரு கிண்ணத்தில் வைத்தால்தான் அரைவைப்பை சரியாக வேலை செய்யும்.

முளைதானியம் செய்யாத வேலைகளையும் சொல்லியாக வேண்டும். ஒரு முட்டை ஓட்டில் சுமார் 2 கிராம் சுண்ணாம்புச்சத்து இருக்கிறது. தானியங்களிலேயே சுண்ணாம்புச்சத்து மிகுந்த கேழ்வரகிலும், ஒரு கோழியின் பங்கான 20 கிராமுக்கு 70 மில்லிகிராம்தான் கிடைக்கும். ஆகவே கிளிஞ்சல் தூள் வைப்பதை நிறுத்தக் கூடாது. தானியப் புரதத்தில் லைசின், மெத்தியோனின் போன்ற அமினோ அமிலங்கள் குறைவு. பிண்ணாக்கோ கருவாட்டுத் தூளோ கரையானோ அந்தக் குறையைத் தீர்க்க வேண்டும். முளை தின்ற கோழிக்கு வெள்ளைக்கழிச்சல் வராது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அது வைரஸ் நோய், தடுப்பூசி ஒன்றுதான் காப்பு.

தீவனச் செலவைப் பாதியாக்கும் வழி என்று எண்ணித் தட்டுகளும் அலமாரிகளும் வாங்க ஓடாதீர்கள். இருக்கும் தீவனத்தோடு தினம் ஒரு கைப்பிடி முளையைச் சேர்க்கும் வழி என்று எடுத்துக்கொண்டு, வீட்டிலிருக்கும் ஒரு பழைய கூடையையும் 200 கிராம் கம்பையும் வைத்து இந்த வாரமே தொடங்குங்கள். அடைபட்டு வளரும் கோழிக்கு அந்தக் கைப்பிடிப் பச்சையை நீங்கள் கொடுத்தால்தான் உண்டு.