பொதுக் களஞ்சியத்தில் இடும் பொருள்

தொலைவிலுள்ள சேவையகமொன்றிடம் ஒரு செய்தியைக் கேட்டுப் பெறவேண்டுமாயின், கேட்கும் முறை, தன்னை இன்னாரென நிறுவும் முறை, விடை வாராதவிடத்து மீளக் கேட்கும் முறை ஆகியவற்றை ஒருங்கே அடக்கிய நிரற்றொகுதி வேண்டும். இதனைக் கிளையன்ற் நூலகம் என்பர். ஒருவர் செவ்வனே எழுதியதைப் பிறரும் எடுத்தாளும்பொருட்டுப் பொதியாகக் கட்டி வைக்குமிடமே பொதிக் களஞ்சியம். பேர்ள் மொழிக்குரிய சீபான் 1995ஆம் ஆண்டில் தோன்றிற்று. பைத்தன் மொழிக்குப் பைபிஐ என்பதும், ஜாவாஸ்கிரிப்ற் மொழிக்கு என்.பி.எம். என்பதும் இன்று பெருங் களஞ்சியங்களாய் விளங்குகின்றன.

பொதியொன்றை இடுதல் எளிது. இட்டபின் பேணுதலே அரிது. 2016 மார்ச் 22ஆம் நாள் இதனை உணர்த்திற்று. பொதிப் பெயரொன்று பற்றிய பிணக்கினால் மனம் நொந்த ஆசிரியர் ஒருவர், என்.பி.எம். களஞ்சியத்திலிருந்து தம் பொதிகள் அனைத்தையும் அகற்றினார். அவற்றுள் லெஃப்ற்-பாட் என்பதும் ஒன்று. எழுத்துத் தொடரின் இடப்புறத்தை வேண்டிய நீளம்வரை நிரப்பும் பதினொரு வரி நிரல் அது. அதன் பெயரையே கேட்டறியாதாரும் பிற பொதிகளின் வாயிலாக அதனைச் சார்ந்திருந்தமையின், உலகெங்கும் பல மென்பொருள்கள் கட்டமைக்க வொண்ணாது நின்றன. அன்றே அப்பொதி மீட்கப்பட்டது. பின்னர், பிறர் சார்ந்து நிற்கும் பொதியை உடையவர் தாமாக அகற்றுதற்குக் களஞ்சியத்தார் வரம்பு விதித்தனர்.

சினத்தால் நேர்வதே சோர்வாலும் நேரும். 2018இல் இவென்ற்-ஸ்ட்றீம் என்னும் பொதியைப் பேண இயலாத ஆசிரியர், உதவ முன்வந்த அறிமுகமில்லாத ஒருவரிடம் அதனைக் கையளித்தார். அதன்வழிப் பிற்கொயின் பணப்பைகளைக் கவரும் நச்சு நிரல் உட்புகுந்தது.

ஆதலின் கொடுப்போர் கருதவேண்டுவன சில உள. உரிமம் இன்றி வெளியிட்ட நிரலைப் பிறர் காணலாமேயன்றி, உரிமையோடு ஆளுதல் இயலாது. பதிப்பெண் ஒரு வாக்குறுதி: வழக்கப்படி, பழைய பயன்பாடு குலையுமாயின் முதலெண்ணும், புது வசதி சேருமாயின் இரண்டாமெண்ணும், பிழை திருத்தின் மூன்றாமெண்ணும் உயரும். பைபிஐயில் ஒருமுறை ஏற்றிய கோப்பை அதே பெயரில் மாற்றி வைத்தல் இயலாது. ஆகவே அதற்குரிய சோதனைக் களஞ்சியத்தில் முன்னர் ஏற்றிப் பார்த்தல் நன்று. கிளையன்ற் நூலகம் எழுதுவோர், சோதனைக்கெனப் பயன்படுத்திய இரகசியச் சாவி பொதியினுள் தங்கிவிடாமற் காத்தல் வேண்டும். தங்கியிருப்பின் அதனை அழித்தல் போதாது. அச்சாவியையே செல்லாததாக்கல் வேண்டும்.

பொதுக் கிணறு வெட்டியவர், தாம் ஊரைவிட்டு நீங்குங்கால் அதனைத் தூர்த்துவிட்டுச் செல்லார். கண்டவரிடம் ஒப்படைத்தும் செல்லார். எம் கல்லூரிப் பழைய மாணவருட் கணினித் தொழிலிற் புகுந்தோர், தாம் நாடோறும் எடுத்தாளும் களஞ்சியத்தில் தாமும் ஒன்று இடுவாராக. அது பதினொரு வரியாயினும் ஆகுக; அதனை நம்பி நிற்பாரை மறவாதிருத்தலே யாம் வேண்டுவது.