அச்சு, கட்டை, உயரம்: திருவண்ணாமலைத் தேர் ஓடும் விதம்

ஜீப்பையோ லாரியையோ காட்டுப்பாதைக்கு ஏற்றபடி மாற்றிக் கட்டுகிறவர்கள் பட்டறைக்குப் போனதும் மூன்று விஷயங்களைத்தான் முதலில் பேசுவார்கள். எந்த அச்சு போடுவது, ஸ்டீயரிங்கை என்ன செய்வது, வண்டியை எவ்வளவு தூக்குவது. திருவண்ணாமலைத் தேரடியில் நிற்கும் மகா ரதத்தைக் கட்டிய ஸ்தபதிகளுக்கும் இதே மூன்று கேள்விகள்தான் இருந்திருக்கும். ஆனால் அவர்களிடம் என்ஜின் இல்லை, ஸ்பிரிங் இல்லை, டயர் இல்லை, ஸ்டீயரிங்கும் இல்லை. கார்த்திகைத் தீபத் திருவிழாவின் ஏழாம் நாள், 59 அடி உயரத்தில் அலங்கரித்த அந்தத் தேர் நான்கு மாட வீதிகளையும் சுற்றி நிலைக்குத் திரும்பியாக வேண்டும். அன்று ஓடும் ஐந்து தேர்களில் பெரியது அதுதான்.

வண்டிக்கு முன்னால் வீதியைப் பார்த்துவிடுவோம். கோயில் மலையின் கிழக்கு அடிவாரத்தில் இருக்கிறது. தேரடித் தெருவிலிருந்து தெற்கே போய்த் திருவூடல் தெருவில் திரும்பினால், மலையை நோக்கிய ஏற்றம். மேற்கே பேகோபுரத் தெரு. அங்கிருந்து வடக்குப் பக்கம் பெரிய தெருவில் இறங்கினால் கிழக்கு நோக்கிய இறக்கம். ஒரே ஓட்டத்தில் ஏற்றம், இறக்கம், நான்கு முனைத் திருப்பம். இதற்கு மேல் கார்த்திகை மாதம் வேறு. வடகிழக்குப் பருவமழை இன்னும் ஓயாத நேரம். பல ஊர்த் தேர்கள் பங்குனி, சித்திரையில் காய்ந்த தரையில் ஓடுகின்றன. அண்ணாமலையார் தேருக்கு அந்தச் சலுகை கிடையாது. மாட வீதிகளில் சிமென்ட் சாலை போடுவதை வெறும் அழகு வேலை என்று நினைப்பவர்கள் இதைக் கணக்கில் எடுப்பதில்லை.

இனி அச்சு. லாரியின் பின் அச்சு சக்கரத்தோடு சேர்ந்து சுழலும், ஏனென்றால் என்ஜினின் விசை அதன் வழியாகத்தான் சக்கரத்துக்குப் போகிறது. தேரில் அந்த வேலை வடம் பிடிப்பவர்களுடையது. ஆகவே அச்சு சுழல வேண்டியதில்லை. சுமையைத் தாங்கினால் போதும். சக்கரம் மட்டும் அச்சின் முனையில் தனியாகச் சுழலும், கழன்று போகாமல் கடையாணி பிடித்துக்கொள்ளும். மாட்டு வண்டியின் ஏற்பாடும் இதுதான். இதில் ஒரு பெரிய வசதி இருக்கிறது. திருப்பத்தில் வெளிப்பக்கச் சக்கரம் அதிக தூரம் ஓட வேண்டும், உள்பக்கச் சக்கரம் குறைவாக. லாரியில் அதற்காக டிஃபரன்ஷியல் என்று ஒரு பல்சக்கரப் பெட்டியே வைக்கிறார்கள். தேரில் ஒவ்வொரு சக்கரமும் தன் போக்கில் சுழல்வதால் அந்தப் பெட்டிக்கு வேலையே இல்லை.

சுமை எவ்வளவு? திருவாரூர் ஆழித்தேரை எடுத்துக்கொண்டால், அலங்காரத்தோடு 96 அடி உயரம், சுமார் 300 டன் எடை என்பார்கள். நான்கு சக்கரம் என்றால் ஒன்றுக்கு 75 டன். நம் ஊர்ச் சாலையில் ஒரு லாரியின் நான்கு டயர் கொண்ட ஒற்றை அச்சுக்கு, 2018-இல் உயர்த்திய பிறகும், சட்டப்படி 11.5 டன்தான் வரம்பு. ஓர் அச்சுக்கு அவ்வளவு என்னும்போது இங்கே ஒரு சக்கரத்துக்கு அதைப்போல ஆறு மடங்குக்கு மேல். அதுவும் ஸ்பிரிங் இல்லாத கூடு. தரை சற்று மேடு பள்ளமானால் நான்கு சக்கரமும் சமமாக ஊன்றாது; ஒன்று லேசாகிவிடும், மற்றவை அதன் பங்கையும் சுமக்கும். மரக்கூட்டின் இணைப்புகள் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும், அவ்வளவுதான்.

அச்சு முறிவது நடுவில் அல்ல, பெரும்பாலும் சக்கரத்தை ஒட்டிய இடத்தில். அங்கேதான் மேலிருந்து தேரும் கீழிருந்து தரையும் எதிரெதிராக அழுத்துகின்றன. எனவே தேரைத் தாங்கும் உத்தரத்துக்கும் சக்கரத்துக்கும் உள்ள இடைவெளி குறையக் குறைய அச்சுக்கு நல்லது. கனத்திலும் ஒரு சூட்சுமம் உண்டு. உருண்டை அச்சின் வளைவு தாங்கும் பலம் விட்டத்தின் மூன்றாம் அடுக்கில் கூடும். விட்டம் பத்தில் ஒரு பங்கு கூடினாலே பலம் மூன்றில் ஒரு பங்கு ஏறிவிடும். தேய்ந்து அந்த அளவு குறைந்தால் கால் பங்குக்கு மேல் போய்விடும். தருமபுரி மாவட்டம் பாப்பாரப்பட்டி அருகே மாதேஹள்ளியில் 2022 ஜூனில் காளியம்மன் தேர் அச்சு முறிந்து சாய்ந்தது. இரண்டு பேர் இறந்தார்கள். ஆண்டில் ஒரு நாள் ஓடும் வண்டி என்பதால் அச்சு தேயாது என்று நினைப்பது தவறு. மீதி நாளெல்லாம் இரும்பு அச்சு துருப்பிடித்துக்கொண்டிருக்கிறது.

ஸ்டீயரிங்குக்கு வருவோம். தேரில் என்னைக் கவர்ந்த பகுதி இதுதான். முன் அச்சு இடமோ வலமோ திரும்பாது. முன்னும் பின்னும் இரண்டு அச்சும் ஒன்றுக்கொன்று இணையாக இறுகியே இருக்கும். தேரைத் திருப்புவது முட்டுக்கட்டை. பெரும்பாலும் புளியமரத்தில் செய்வது, ஒரு பக்கம் சரிவாகச் செதுக்கி, எடுத்துப் போட வாகாகப் பிடி வைத்தது. முட்டுக்கட்டை போடுகிறவர் உருளும் சக்கரத்தை ஒட்டியே நடக்கிறார், கண் சக்கரம் தரையைத் தொடும் இடத்தை விட்டு அகலாது. தேர் வலப்பக்கம் வர வேண்டுமா, வலது சக்கரத்தின் முன் கட்டை விழும். சக்கரம் சரிவில் ஏறித் திணறும். அந்தப் பக்கத்தின் வேகம் குறையும். இடது சக்கரம் தன் பாட்டில் முன்னேறும். தேர் முகம் வலப்பக்கம் திரும்பும். நடக்கும்போது யாராவது நம் ஒரு கையைப் பிடித்து இழுத்தால் உடம்பு அந்தப் பக்கமே திரும்புமே, அதேதான். கட்டையைச் சற்றுக் கோணலாக வைத்தால் சக்கரம் அதன் முகத்தில் உரசிப் பக்கவாட்டிலும் நகரும். எவ்வளவு கோணல் என்பது எந்தப் புத்தகத்திலும் இல்லை. ஓட்டம் முடியும்போது கட்டைகளின் முனை நசுங்கி நார் நாராகப் பிரிந்து கிடக்கும்.

நேர் வீதியில் இது போதும். தெருமுனையில் தொண்ணூறு பாகை திரும்புவது வேறு கதை. இணையாக இறுகிய அச்சுகள் திரும்ப வேண்டுமானால் சக்கரங்கள் உருண்டால் மட்டும் போதாது, பக்கவாட்டில் தேயவும் வேண்டும். புல்டோசர் திரும்புவதும் இப்படித்தான். திருவாரூரில் தெருமுனையில் சக்கரத்துக்கு அடியில் இரும்புத் தகடு போட்டு, அதில் கிரீஸைத் தடவி, தேரை வழுக்கவிட்டே திருப்புகிறார்கள். தேரின் அடிப்பகுதி ஏறக்குறையச் சதுரமாக இருப்பதன் பயன் இங்கேதான் தெரியும். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் தூரம் கூடக் கூட, திரும்பும்போது சக்கரம் பக்கவாட்டில் தேய வேண்டிய தூரமும் கூடும். லாரியைப் போல நீளமாகக் கட்டியிருந்தால் ஒரு முனையைக்கூடக் கடக்காது.

பிரேக்கும் இதே கட்டைதான். ஆனால் திருவாரூர்த் தேருக்குத் திருச்சி பெல் நிறுவனம் இரும்புச் சக்கரம், அச்சோடு ஹைட்ராலிக் பிரேக்கும் செய்து கொடுத்தது. அது நல்ல முன்னேற்றம், குறிப்பாக இறக்கத்தில். பெரிய தெரு மாதிரி இறக்கத்தில் தேர் தானாக ஓடத் தொடங்கினால் முன்னால் வடம் பிடிப்பவர்கள் ஒதுங்க இடமில்லை. திருவண்ணாமலையில் வடத்தின் ஒரு புறம் ஆண்களும் மறுபுறம் பெண்களுமாக ஆயிரக்கணக்கில் நிற்கிறார்கள். ஆனால் பிரேக் வந்துவிட்டது என்று கட்டை போடும் ஆளைக் குறைப்பது புத்திசாலித்தனம் அல்ல. பிரேக் நிறுத்தும், வழி காட்டாது.

மூன்றாவது உயரம். பட்டறையில் வண்டியைத் தூக்கச் சொல்லும் இளைஞர்கள் அடியில் பாறை தட்டாமல் இருப்பதைத்தான் யோசிக்கிறார்கள். எடையின் மையமும் சேர்ந்து மேலே போவதை யோசிப்பதில்லை. கணக்குக்குச் சக்கரத்துக்குச் சக்கரம் 12 அடி என்று வைத்துக்கொள்வோம். எடையின் மையம் தரையிலிருந்து 12 அடியில் இருந்தால், ஏறக்குறைய 27 பாகை சாய்ந்தால்தான் வண்டி கவிழும். அதே மையம் 20 அடிக்குப் போனால் 17 பாகையே போதும். தேர் இதைச் சமாளிக்கும் வழி எளிது. பூதப்பார் முதல் சிம்மாசனம் வரை கீழ்ப்பகுதி முழுக்கக் கனமான மரம், இலுப்பை போன்றவை. அதற்கு மேலே கண்ணுக்குப் பெரிதாகத் தெரிவதெல்லாம் மூங்கிலும் கழியும் தேர்ச்சீலையும் தொம்பையும். பார்வைக்குத்தான் 59 அடி. எடை கீழேயே உட்கார்ந்திருக்கிறது.

ஆனாலும் உயரம் உயரம்தான். 12 அடி அகலத்தில் ஒரு பக்கச் சக்கரம் அரை அடி புதைந்தால் சாய்வு இரண்டரை பாகைகூட இல்லை, கவிழாது. ஆனால் 59 அடி உயரத்தில் கலசம் இரண்டரை அடி விலகிவிடும். வீதியோரத்துக் கட்டடமோ கம்பியோ அந்த இரண்டரை அடிக்குள் இருந்துவிடலாம். மழையில் ஊறிய கால்வாய் மூடி ஒன்று உள்வாங்கினால் போதும்.

இதே கேள்விகளுக்கு மற்ற ஊர்கள் வேறு விடை கண்டிருக்கின்றன. பூரியில் ஜெகந்நாதரின் நந்திகோஷத்துக்கு 16 சக்கரம், பலபத்திரர் தேருக்கு 14, சுபத்திரைக்கு 12. சுமையைப் பல சக்கரங்களில் பிரித்துவிட்டு, ஆண்டுதோறும் தேரையே புதிதாகக் கட்டுகிறார்கள். அதனால் பழைய அச்சு என்ற கவலை இல்லை. அங்கே ஓடுவதும் நேரான அகலச் சாலையில், மாட வீதி முனை கிடையாது. நேபாளத்தில் பாட்டனின் மச்சிந்திரநாதர் தேர் உயரத்தை மூங்கிலும் பிரம்பும் கொண்டு கட்டி எழுப்புகிறது. அது வழியில் சாய்வதும் சில சமயம் விழுவதும் அந்த ஊரார் அறிந்ததே. நம் முறையில் தேர் பல தலைமுறை நிற்கும். அதற்கு நாம் கொடுக்கும் விலை பராமரிப்பு. திருவண்ணாமலை மகா ரதத்தைச் சீரமைத்து 2024 நவம்பரில் வெள்ளோட்டம் விட்டுப் பார்த்த பிறகுதான் அந்த ஆண்டுத் திருவிழாவுக்கு எடுத்தார்கள்.

பெரிய கோயில்களில் பொதுப்பணித் துறைப் பொறியாளர்கள் தேரைச் சோதித்துப் பார்க்கிறார்கள், தேர் போகும் வழியில் மின்சாரத்தை நிறுத்துகிறார்கள். ஆபத்து அதிகம் சிற்றூர்ச் சப்பரங்களில். அங்கே அடித்தட்டு டிராக்டர் டிரெய்லர் அளவில் இருக்க, மேலே சீரியல் விளக்கும் இரும்புச் சட்டமும் ஆண்டுக்கு ஆண்டு ஏறுகின்றன. தஞ்சாவூர் அருகே களிமேட்டில் 2022 ஏப்ரல் 27 அதிகாலை அப்பர் சதய விழாத் தேர் உயரழுத்த மின்கம்பியில் பட்டு 11 பேர் இறந்தார்கள். அந்த வழியில் சாலை உயர்த்தப்பட்டிருந்ததும் அப்போது பேசப்பட்டது. பழைய தாரைச் சுரண்டாமல் மேலே மேலே புதுச் சாலை போட்டால், தேரின் உயரம் மாறாவிட்டாலும் கம்பி கீழே வந்துவிடும். ஊரில் தேர் வைத்திருக்கும் கமிட்டிக்காரர்கள் கொடியேற்றத்துக்கு முன்பே நீளமான காய்ந்த மூங்கிலில் அலங்காரத்தோடு கூடிய உயரத்தைக் குறித்துக்கொண்டு, பகலில், மின்வாரியத்துக்குச் சொல்லி மின்சாரத்தை நிறுத்திய பிறகு, முழுப் பாதையையும் ஒருமுறை நடந்து பார்த்துவிட வேண்டும்.