மெல்லக் கற்போர்க்கு நல்வழி



ஒரு பிள்ளை வகுப்பிலே படிக்கத் திணறினால், நம்மவரிடம் இரண்டு தீர்ப்புகள் எப்பொழுதும் ஆயத்தமாக இருக்கின்றன. ஒன்று, 'மண்டு', மற்றொன்று, 'சோம்பேறி'. மண்டு என்றால் கைவிட்டு விடுகிறோம். சோம்பேறி என்றால் பிரம்பை எடுக்கிறோம். 'அடியாத மாடு படியாது' என்னும் பழமொழியும் துணைக்கு வந்து நிற்கிறது. இவ்விரண்டும் அல்லாத வேறு காரணங்கள் உண்டு என்பதை அறிவியல் நெடுங்காலத்துக்கு முன்பே கண்டுவிட்டது. அவற்றுள் முதன்மையான ஒன்றை விளக்குவதும், பெங்களூரில் பயிலும் தமிழ் மாணவராகிய நமக்கு அதில் உள்ள பங்கை எடுத்துரைப்பதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பேச்சும் எழுத்தும்

குழந்தை பேச்சைத் தானே கற்றுக்கொள்கிறது. தாயும் தந்தையும் பேசக் கேட்டாலே போதும். எழுத்து அத்தகையதன்று. அது மனிதன் செய்துகொண்ட கருவி. அதன் வயது ஏறத்தாழ 5000 ஆண்டுகளே. படிக்கும்போது, கண்ணால் கண்ட வடிவத்தைக் காதால் கேட்ட ஒலியோடு மூளை இணைக்க வேண்டும். சிலருக்கு இந்த இணைப்பு எளிதில் அமைவதில்லை. அவர்களுடைய அறிவில் குறைவில்லை, கண்ணிலும் பழுதில்லை. ஆதலால் மூக்குக்கண்ணாடி மாட்டினாலும் தீர்வதில்லை; அடித்தாலும் தீர்வதில்லை.

1887இல் ருடால்ஃப் பெர்லின் என்னும் ஜெர்மானியக் கண் மருத்துவர், மூளை நோயால் படிக்கும் ஆற்றலை இழந்தவர்களின் நிலைக்கு 'டிஸ்லெக்சியா' என்று பெயரிட்டார். 1896இல் பிரிங்கிள் மார்கன் என்னும் ஆங்கில மருத்துவர், நோய் எதுவுமின்றிப் பிறவியிலேயே இத்தடை உடைய 14 வயதுச் சிறுவனைப் பற்றி எழுதினார். அச்சிறுவன் தன் பெயராகிய 'பெர்சி' என்பதையே எழுத்து மாற்றி எழுதினான். ஆயினும், பாடமெல்லாம் வாய்மொழியாகவே நடந்தால் பள்ளியிலேயே முதல்வனாக இருப்பான் என்று அவனுடைய ஆசிரியர் கருதினார். படிப்பதில் தடை, எழுதுவதில் தடை, கணக்கில் தடை ஆகியவற்றை இன்று 'கற்றல் குறைபாடு' என்கிறோம். அறிவுவளர்ச்சிக் குறைவு, செவிட்டுத்தன்மை, பார்வையின்மை, ஆட்டிசம் ஆகியவை வேறு. ஒவ்வொன்றுக்கும் கற்பிக்கும் முறையும் வேறு.

தமிழ் எழுத்தில் தடுக்கும் இடங்கள்

தமிழ் எழுதியபடியே படிக்கும் மொழிதானே, இதில் என்ன இடர் என்று கேட்கலாம். உற்று நோக்குவோம். 247 எழுத்துகளை வடிவத்தால் பிரித்தறிய வேண்டும். 'கெ' என்பதில் முதலில் ஒலிப்பது ககர மெய். முதலில் எழுதுவதோ கொம்பு. 'கொ' என்பதில் உயிரின் குறி எழுத்துக்கு இருபுறமும் நிற்கிறது. 'கௌ' என்பதில் வலப்புறம் நிற்பது ளகரத்தின் வடிவமே. 'பாம்பு' என்னும் சொல்லில் பகரம் இரண்டிடத்தில் வந்து இரண்டு விதமாக ஒலிக்கிறது. நகரமும் னகரமும் பேச்சில் ஏறக்குறைய ஒன்றே. நமக்கு இவை பழகிப் போயின; திணறும் பிள்ளைக்கு ஒவ்வொன்றும் ஒரு வேலி.

பெங்களூரில் மற்றொரு சிக்கல்

இந்நகரில் நம்மவர் பிள்ளைகளுக்கு வீட்டிலே தமிழ், தெருவிலே கன்னடம், பள்ளியிலே பெரும்பாலும் ஆங்கிலம். தமிழில் ஒரே ககரம் இருக்க, கன்னடத்தில் அவ்விடத்தில் நான்கு எழுத்துகள் உள்ளன. அந்த நான்கையும் குழப்பும் தமிழ்ப் பிள்ளைக்குக் கற்றல் குறைபாடு இருக்க வேண்டுவதில்லை. புதிய மொழி இன்னும் பழகவில்லை, அவ்வளவே. இதற்கு மாறாக, உண்மையிலேயே குறைபாடுள்ள பிள்ளையை, 'வீட்டுமொழி வேறு, போகப் போகச் சரியாகும்' என்று சொல்லி ஆண்டுக்கணக்காக விட்டுவிடுவதும் உண்டு. இரண்டும் தீங்கே.

இரண்டையும் பிரித்தறிவது எப்படி? அப்பிள்ளை நன்கு பேசும் மொழியிலேயே சோதித்துப் பார்க்க வேண்டும். 'பாடு என்னும் சொல்லில் முதலில் உள்ள மெய்யொலியை எடுத்துவிட்டால் என்ன மிஞ்சும்?' என்று கேட்டால், 'ஆடு' என்று விடை வரவேண்டும். தமிழிலேயே ஒலியைப் பிரிக்க இயலாமலும், நல்ல முறையில் கற்பித்த பின்னும் தமிழெழுத்தே ஏறாமலும் இருந்தால், தேர்ந்தவரிடம் காட்டுதல் வேண்டும். ஓசூர்ச் சாலையில் உள்ள நிம்ஹான்ஸ் நிறுவனம் இத்துறையில் நாடறிந்தது. கற்றல் குறைபாட்டை அளந்தறிய அங்கு வகுக்கப்பட்ட சோதனைத் தொகுதியையே மைய அரசு 2018இல் வெளியிட்ட வழிகாட்டுதல் குறிப்பிட்டது.

அல்சூரில் நான்காம் வகுப்புச் சிறுவன் ஒருவனுக்கு மாலை நேரங்களில் பாடம் சொல்லி வருகிறேன். அவன் தாய் பூ விற்கிறார். முழம் கணக்குப் பார்த்துச் சில்லறை தருவதில் அவனை எவரும் ஏமாற்ற முடியாது. அதே கணக்கை எழுத்தில் கொடுத்தால் முதல் வரியிலேயே நின்றுவிடுவான். கணக்கு அவனைத் தடுக்கவில்லை, எழுத்தே தடுக்கிறது. சில திங்களாக முறைப்படி பயின்றதில், வேகம் இன்னும் வரவில்லை. ஆயினும் புத்தகத்தைக் கண்டு எழுந்து ஓடுவது நின்றுவிட்டது.

கற்பிக்கும் முறை

அம்முறை யாது? முதலில் ஒலி, பிறகு எழுத்து. சொல்லை அசை அசையாகக் கைதட்டிப் பிரித்தல். பிறகு ஓர் எழுத்தை விரலால் வரைந்துகொண்டே வாயால் சொல்லுதல். கண், காது, கை, வாய் நான்கும் ஒரே நேரத்தில் வேலை செய்கின்றன. நம் திண்ணைப் பள்ளிகளில் மணலைப் பரப்பி, விரலால் எழுதி, உரக்கச் சொல்லச் செய்த பழக்கத்தை நினைவு கூர்க! மரியா மாண்டிசோரி அம்மையார் ரோம் நகரில் அறிவுவளர்ச்சி குன்றிய குழந்தைகளுக்குக் கற்பித்த அனுபவத்தைக் கொண்டே தம் முறையை உருவாக்கினார்; உப்புத்தாளில் வெட்டிய எழுத்துகளை விரலால் தடவிக் கற்கச் செய்தார். 1939இல் சென்னை அடையாற்றுக்கு வந்த அவர், போர்க் காலத்தில் அங்கும் கொடைக்கானலிலும் தங்கி, நம் நாட்டு ஆசிரியர் பலரைப் பயிற்றுவித்தார்.

இரண்டாவது விதி, சிறு படி. ஒரு நாளுக்கு ஓரிரு எழுத்து. அது படிந்த பின்னரே அடுத்தது. வாரத்திற்கொரு முறை இரண்டு மணி நேரத்தைவிட, நாள்தோறும் இருபது நிமிடம் பயனுடையது. மூன்றாவது, பிழையை எழுதி வைத்தல். எங்கே தடுக்கிறது என்று பிழைகளே காட்டும். நம் ஆய்வுக்கூடக் குறிப்பேட்டைப் போல் அவற்றைப் பதிவு செய்து வந்தால், அடுத்த நாளின் பாடம் தானே கிடைக்கும்.

அறிவுவளர்ச்சி குன்றிய பிள்ளைக்கு வாழ்க்கைச் செயல்களையும் இவ்வாறே படிகளாகப் பிரிக்க வேண்டும். சட்டைப் பொத்தான் போடக் கற்பிக்கும்போது, கடைசிப் பொத்தான் தவிர எல்லாவற்றையும் நாமே போட்டுவிட்டு, அதை மட்டும் அவனிடம் விடலாம். வேலையை முடித்த மகிழ்ச்சி அவனுடையதாகும்; அடுத்த நாள் இரண்டு பொத்தான். செவிப்புலன் குறைந்த பிள்ளைக்குக் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டு பேசலாகாது. முகம் பார்த்துப் பேசுதல் வேண்டும்.

வளர்ந்தோரும் சட்டமும்

கற்றல் குறைபாடு வயதானால் மறைவதன்று. மறைத்து வாழப் பழகுகிறார்கள். அவர்களுக்கு அணில், ஆடு படம் போட்ட பாடநூலைக் கொடுத்தல் அவமதிப்பாகும். பேருந்தின் பெயர்ப்பலகை, சம்பளச் சீட்டு, வங்கிப் படிவம் இவையே அவர்களுடைய பாடநூல். பெங்களூரில் மித்ர ஜோதி என்னும் அமைப்பு பார்வையற்றோர்க்கு ஒலிநூல்களை ஆக்கி வழங்குகிறது. எனேபிள் இந்தியா 1999 முதல் உடற்குறை உடையோரை வேலைக்கு ஆயத்தம் செய்கிறது.

1995ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஏழு வகைக் குறைபாடுகளே இடம்பெற்றன. கற்றல் குறைபாடும் ஆட்டிசமும் அதில் இல்லை. 2016ஆம் ஆண்டுச் சட்டம் இவ்விரண்டையும் சேர்த்து 21 வகைகளை ஏற்றது. 40 விழுக்காடும் அதற்கு மேலும் குறைபாடுள்ள பிள்ளைகளுக்கு 6 வயது முதல் 18 வயது வரை இலவசக் கல்வி உரிமையாயிற்று. அரசு, அரசுதவி பெறும் உயர்கல்வி நிலையங்களில் அத்தகையோர்க்கு 5 விழுக்காட்டுக்குக் குறையாத இடம் ஒதுக்கப்பட்டது. பிறர் துணைகொண்டு தேர்வு எழுதுவோர்க்கு மணிக்கு 20 நிமிடம் கூடுதலாகத் தர வேண்டும் என்று 2018ஆம் ஆண்டு வழிகாட்டுதல் கூறியது. இது சலுகையன்று, உரிமை. ஆனால் சான்றிதழ் வேண்டும். சான்றிதழுக்குச் சோதனை வேண்டும். சோதனைக்கு முன், 'இவன் மண்டு அல்லன்' என்று சொல்ல ஒருவர் வேண்டும்.

நாம் செய்யத்தக்கவை

நண்பர்களே, நாம் மருத்துவர் அல்லோம். குறைபாடு இன்னதென்று முடிவு கூறும் தகுதி நமக்கில்லை. ஆயினும் நம்மிடம் உள்ள ஒரு பொருள் இந்நகரின் பல பள்ளிகளில் இல்லை. அதுதான் தமிழ். தமிழ்க் குழந்தையின் திணறலைத் தமிழிலே கேட்டு, எங்கே தடுக்கிறது என்று எழுதி, அக்குறிப்போடு தாயையும் பிள்ளையையும் தேர்ந்தவரிடம் அழைத்துச் செல்லலாம். கன்னடமோ ஆங்கிலமோ அறியாத தாய்க்கு மருத்துவர் சொல்வதை எடுத்துச் சொல்லலாம். தேர்வுக் காலத்தில் எழுத இயலாதவர்க்கு எழுதித் தரலாம். அதற்குரிய கல்வித் தகுதி விதிகளை முன்னதாகவே கேட்டறிதல் நலம். பார்வையற்ற தோழர்க்குப் பாடநூலைப் படித்துப் பதிவு செய்து தரலாம். நம் சங்க உறுப்பினர் பதின்மர் நாளுக்கு இருபது நிமிடம் ஒதுக்கினால், பத்துப் பிள்ளைகள் 'மண்டு' என்னும் பெயரிலிருந்து விடுபட வழி பிறக்கும்.

இரக்கம் ஒரு நாள் இருந்து மறுநாள் மறையக்கூடியது; முறை நிலைத்து நிற்பது. மெல்லக் கற்பவர் நம்மிடம் வேண்டுவது முறையையே. ஒரு பிடி மணலும் சிறிது பொறுமையும் போதும். இன்று மாலையே தொடங்குவோமாக!