பினாங்கு முற்றத்தில் ஜப்பானியத் தோட்டக் கலை

கல்விளக்கு ஒன்றும் சிவப்புப் பாலம் ஒன்றும் வாங்கி வீட்டின்முன் வைத்துவிட்டால் ஜப்பானியத் தோட்டம் அமைந்துவிடும் என எண்ணுவோர் பலர். அவை அக்கலையின் அணிகளேயன்றி உயிரல்ல. சுருக்கிக் காட்டல், மறைத்துக் காட்டல், அயற்காட்சியைத் துணைக்கொள்ளல் ஆகிய மூன்றுமே அதன் உயிர்நெறிகளாம்.

11-ஆம் நூற்றாண்டில் எழுந்த ‘சாகுத்தெய்கி’ என்னும் தோட்ட நூல், கற்களை நிறுத்தும் முறையோடு தொடங்குகிறது. மலரினும் கல்லே அங்கு முதன்மை பெறும். கியோத்தோ நகரின் ரியோவான்ஜி கோவிலில், வெண்சரளைப் பரப்பில் 15 கற்கள் உள்ளன. திண்ணையில் எங்கு அமர்ந்து நோக்கினும் ஒரு கல்லேனும் மறைந்தே நிற்கும். சரளையைக் கடலாகவும் கல்லைத் தீவாகவும் காண்போர் கொள்வர். சொல்லியது கொண்டு சொல்லாததை உணர்த்தும் இம்முறை, தொல்காப்பியம் கூறும் உள்ளுறையும் இறைச்சியும் பயின்ற தமிழர்க்குப் புதிதன்று.

பினாங்கில் இந்நெறிகளுக்கு இடமுண்டோ எனின், உண்டு. ஜார்ஜ் டவுன் கடைவீடுகளின் நடுவே, ஒளியும் காற்றும் மழையும் இறங்கும் திறந்த முற்றம் காணப்படும். கியோத்தோ வணிகரின் நெடுவீடுகளிலும் இத்தகைய முற்றம் உண்டு. அங்கு அமைக்கும் சிறு தோட்டத்தைச் ‘சுபோநிவா’ என்பர். சுபோ என்பது ஏறத்தாழ 36 சதுர அடி. ஆதலின் இடச்சிறுமை தடையாகாது. மலையை நோக்கிய வீடாயின், வேலியைத் தாழ்த்தினாலே போதும்; 800 மீட்டருக்கு மேல் உயர்ந்த கொடிமலை அத்தோட்டத்தின் பின்புலமாகிவிடும். கல்லுக்கும் குறைவில்லை. 1884-இல் தோன்றிய தண்ணீர்மலைத் தாவரத் தோட்டமே பழைய கருங்கல் உடைப்பிடத்தில் எழுந்ததாகும்.

எனினும் தட்பவெப்பம் வேறு. குளிர்நாட்டு மேப்பிளும் செர்ரியும் இங்குச் செழியா. அவற்றினிடத்தில் குட்டை மூங்கிலும் பெரணியும் நடலாம். மென்மணலில் இழுத்த கோடுகளை ஒரு பெருமழை அழித்துவிடும். பருஞ்சரளையிட்டு, அடியில் நீர் வடிய வழிசெய்தல் வேண்டும்.

இவையனைத்தினும் கருதத்தக்கது நீர்த்தொட்டி. தேங்கிய நீரில் ஏடிஸ் கொசு ஏறத்தாழ ஒரு வாரத்தில் முட்டைநிலை கடந்து சிறகு பெற்று எழும். டெங்கிக் காய்ச்சலைப் பரப்பும். கொசு பெருக இடந்தருவோரை மலேசியாவின் 1975-ஆம் ஆண்டுச் சட்டம் தண்டிக்கும். தொட்டி வைப்போர் வாரந்தோறும் நீரை மாற்றுதல் வேண்டும். குளமாயின் மீன் வளர்த்தல் நன்று.

அதனினும் சிறந்த வழியை அக்கலையே காட்டுகிறது. சரளையால் ஓடை வகுத்து, நீரின்றியே நீரைத் தோற்றுவிக்கும் உலர்தோட்டம், இத்தீவின் சிறு முற்றத்துக்கு அழகும் காப்பும் ஒருங்கே தருவதாகும்.